பிரிக்காத பொட்டலம்

பாண்டிச்செல்விக்குக் கோபம் வரும் என்பது, நாகமலைக்கு மேற்கே அவள் வாக்கப்பட்டு வந்த அந்த ஊரில் பஸ் வரும் நேரம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பஸ்ஸாவது சில நாள் வராமல் போகும்.

பஞ்சாயத்துப் பள்ளியில் அவள் சத்துணவு அமைப்பாளர். ஒருமுறை முட்டை அழுகி வந்தது. வேறு யாராக இருந்தாலும் குப்பையில் கொட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு வெறும் சோற்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவள் அட்டையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, ஒரு முட்டையை அவருடைய டீ கிளாஸுக்குப் பக்கத்திலேயே உடைத்துக் காட்டினாள். நாற்றத்தில் பாதிப் பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். "மோந்து பாருங்க சார். இதத்தான் எங்க பிள்ளைக திங்கணுமா?" என்று கேட்டாள். முட்டை மாறி வந்தது. அவளுக்குப் பட்டப்பெயரும் வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரஷர் என்றார்கள், ஜாதகத்தில் செவ்வாய் என்றார்கள். அவள் புருஷன் சிவபாண்டி, "அவ பொறந்ததே கத்திரி வெயில்ல" என்று சிரித்து மழுப்புவான். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிறந்த ஊரில் கண்மாய்க்கரையோரம் இருக்கும் சோணையா கோவிலை நோக்கிக் கையை நீட்டியிருப்பாள்.

பிளஸ் டூவில் அவள் பள்ளியிலேயே இரண்டாவது. பசுமலையில் ஒரு கல்லூரியில் பி.ஏ.வுக்கு இடமும் கிடைத்துவிட்டது. அதே மாசம் அவளுடைய அண்ணன் வீரணனுக்குப் பெண் பேசினார்கள். பேசினார்கள் என்ன, அவனே திருவிழாக் கூட்டத்தில் பார்த்து வைத்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் கிடந்தான். பெண் வீட்டார் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதென்றால் சம்மதம், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். அதாவது அவர்கள் வீட்டுப் பெண் வீரணனுக்கு, பாண்டிச்செல்வி அந்தப் பெண்ணின் அண்ணன் சிவபாண்டிக்கு.

"நான் படிக்கப் போறேன்" என்று அவள் குதித்தாள். அப்பா இரண்டு பக்கமும் இழுபட்டுக் கடைசியில், "சோணையாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் எது முடிவாகாவிட்டாலும் பூக்கட்டித்தான் பார்ப்பார்கள். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. எந்த நிறம் எதற்கு என்று சாமிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு வீட்டு ஆம்பளை ஒருத்தர் மறைவில் போய், இரண்டையும் தனித்தனியாகத் தாளில் மடித்து, வாழைநாரால் ஒரே அளவாகக் கட்டிக்கொண்டு வந்து சாமி காலடியில் வைப்பார். விவரம் தெரியாத குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். அதைப் பிரித்தால் என்ன பூவோ அதுதான் உத்தரவு. மிச்சமிருக்கும் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. சாமி வேண்டாம் என்று தள்ளியதைப் பார்ப்பது குத்தம். அப்படியே கொண்டுபோய்க் கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்குக் கட்டியவன் வீரணன். வெள்ளை என்றால் கல்யாணம், சிவப்பு என்றால் படிப்பு. வெள்ளை வந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள், "அந்தச் சிவப்புப் பூவ மட்டும் ஒருக்கா பாத்துக்கிறேண்ணே" என்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. தனக்குக் கிடைக்காமல் போனதைக் கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். அதற்குள் வீரணன் கிணற்றடிக்குப் போய்விட்டான். தண்ணீரில் பொட்டலம் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு லேசான பொட்டலம்.

சிவபாண்டி கெட்டவன் இல்லை. அவனுடைய அப்பா காலம் வரை அடுத்தவன் வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டிய குடும்பம். இவன் தலையெடுத்துத்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் சேர்ந்தது. அதில் நெல்லும் கத்திரியும் போட்டான். குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை. அதனால் கோபத்தை அவன் மேல் இறக்கி வைக்கவும் வழியில்லாமல் போனது அவளுக்கு. அண்ணன் மேல் கோபப்படலாமா? அவன் என்ன செய்வான், பூவைக் கட்டினான், அவ்வளவுதானே. கடைசியில் எல்லாக் கோபமும் சோணையா மேல் போய் நின்றது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு வருவாள், பொங்கல் வைப்பாள், கிடாவெட்டுக்கு நிற்பாள். தீபாராதனை காட்டும்போது மட்டும் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு சாமியை முறைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கும்பிட்டதில்லை. இவளைத் தவிர வேறு யாராவது அப்படி நின்றிருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

அவளுடைய ஒரே மகள் ஆர்த்திகா. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள். அம்மாவின் நிறம், அப்பாவின் குரல், கோபத்தை மட்டும் இரண்டு பேரிடமிருந்தும் வாங்காமல் தானாக ஒன்றை வைத்திருந்தாள். சத்தம் வராத கோபம். முட்டை அட்டையோடு அலுவலகத்துக்குப் போன அன்றைக்கு அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள், கூடவே போயிருந்தாள். "இப்படியெல்லாம் உள்ள வந்து ரகளை பண்ணச் சட்டத்துல இடமில்ல" என்று அதிகாரி கத்தியபோது, இந்தப் பொடிசு, "எந்தச் சட்டம் சார்?" என்று கேட்டது. திரும்பி வரும் பஸ்ஸில், "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேம்மா" என்றாள். அதிலிருந்து அவள் வேறு பேச்சே பேசவில்லை.

பிளஸ் டூ வந்ததும் பேச்சு பரீட்சையில் வந்து நின்றது. சட்டப் படிப்புக்கு நாடு முழுக்க எழுதுகிற கிளாட் என்ற தேர்வு. அதில் நல்ல ரேங்க் வந்தால் திருச்சியில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலோ, அதற்கும் அப்பால் பெங்களூரிலோ சேரலாம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். இன்னொன்று, மதுரைக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் தனியார் பல்கலைக்கழகம் தனக்குத் தானே நடத்திக்கொள்கிற தேர்வு. அவர்களுடைய பஸ் பக்கத்தில் இருக்கும் நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் வரும். அந்த வருஷம் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தன. எதை எழுதினாலும் இன்னொன்று போச்சு.

ஆர்த்திகாவுக்குச் சந்தேகமே இல்லை. கிளாட்தான். பழைய கேள்வித்தாளை எடுத்து வைத்து, அடுப்படியில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து எழுதிப் பழகினாள். நீளநீளமாக இங்கிலீஷ் பத்தி, அதைப் படித்துவிட்டுக் கேள்வி. முதலில் பாதிக்கு மேல் தப்பு. மூன்று மாசத்தில் முக்கால்வாசி சரி. நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பரை அவள் வாசிக்கிற வேகத்தைப் பார்த்து, மற்றவர்கள் அவளுக்கென்றே அதை விட்டு வைத்தார்கள்.

பயிற்சிக்குச் சேர்க்கலாம் என்று பாண்டிச்செல்வி அவளை மதுரைக்குள் காளவாசலுக்குக் கூட்டிப்போனாள். மாடியில் ஒரு கோச்சிங் சென்டர், ஏசி போட்டிருந்தது. நடத்துகிறவர் சூரியபிரகாஷ், வக்கீல். ஊர் எது, என்ன பள்ளி, என்ன மீடியம் என்று கேட்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை.

"கிளாட் வேற லெவல்ம்மா" என்றார். "அஞ்சாவதுலருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச பிள்ளைகளே திணறுது. உங்க பாப்பாவுக்கு அந்தத் தனியார் யுனிவர்சிட்டி எக்ஸாம்தான் கரெக்ட். அதுக்குன்னே தனி பேட்ச் வச்சிருக்கேன். உங்க சைடுலருந்து வர்ற பிள்ளைகளை எல்லாம் அதுலதான் போடுறேன்."

"எங்க சைடுன்னா எந்த சைடு சார்?" என்றாள் பாண்டிச்செல்வி.

"இல்லம்மா, நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்லாதீங்க, ஒரு கேள்வியாச்சும் கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஆளப் பாத்து அளக்குறதுக்கு இது என்ன துணிக்கடையா?"

பக்கத்து அறையில் பாடம் நின்றுபோனது. ஆர்த்திகா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல், சிக்னல் வரைக்கும் அம்மா அந்த வக்கீலின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு நடந்தாள்.

இவ்வளவு பேசினாளே, வீட்டுக்கு வந்ததும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஆள் சொன்னது நிஜமாக இருந்தால்? கிளாட் எழுதி ரேங்க் வராமல் போனால் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. "ஆத்தாக்காரி வீம்புல பிள்ளை வாழ்க்கை போச்சு" என்று ஊர் அவளைத்தான் சொல்லும். எதிரில் ஆள் நின்றால் பேசத் தெரிந்தவளுக்கு, எதிரில் யாருமே இல்லாத பயத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வீரணன் வந்தான், கையில் கறியோடு. தாய்மாமன் வந்தால் வெறுங்கையோடு வரமாட்டான், சும்மாவும் வரமாட்டான்.

"தனியார்லயே எழுதட்டும் தாயி. காலையில போயிட்டு சாயங்காலம் வந்துரும். பொம்பளப்பிள்ளை கண்ணு முன்னாடி இருக்குறதுதான் நல்லது. திருச்சி, பெங்களூர்னு அனுப்பிட்டு நெஞ்சுல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியணுமா?" என்றான்.

அவனுக்குச் செல்வக்குமார் என்று ஒரு மகன். காளவாசலில் செல்போன் கடையில் வேலை. ஆர்த்திகாவுக்கு முறை மாப்பிள்ளை. அதைப் பற்றி வீரணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

"மாமா, நான் கிளாட்தான் எழுதப் போறேன்" என்றாள் ஆர்த்திகா.

"நீ சின்னப்பிள்ளை, சும்மா இரு."

சிவபாண்டி மகளைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், பொண்டாட்டியைப் பார்த்தான். மூன்று பக்கமும் பார்த்துவிட்டு, அவனுடைய மாமனார் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னான். "சோணையாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோமே."

பாண்டிச்செல்வி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முட்டையை உடைத்த கையால் இதையும் உடைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. பரீட்சையில் தோற்றால் பழி தன் மேல் விழாமல் சாமி மேல் விழட்டும் என்று நினைத்தாள். அது எவ்வளவு பெரிய கோழைத்தனம் என்று நினைக்க நினைக்க எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள்.

"ஒரு பரீட்சைக்கும் பூவுக்கும் என்னம்மா சம்பந்தம்? என்னையக் கேளும்மா. படிக்கப் போறது நான்தான" என்றாள் ஆர்த்திகா.

"சாமி சொல்லட்டும்டி."

"ஒனக்குச் சொன்னுச்சே, அதையா?"

கோவிலுக்குப் போகும் நாள் வரைக்கும் மகள் அம்மா போட்ட சோற்றைத் தின்றாள், அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

கிளாட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. சோணையா கோவிலில் இவர்கள் நான்கு பேரும் பூசாரி மொக்கைச்சாமியும் அவருடைய பேத்தியும்தான். வெள்ளை என்றால் தனியார், சிவப்பு என்றால் கிளாட் என்று வீரணன் சாமிக்கு உரக்கச் சொன்னான். தாய்மாமன் கட்டுவதுதான் முறை என்றும் சொன்னான். கோவில் வாசலில் நின்ற மரத்துக்கு அந்தப் பக்கம் போனான், இரண்டு பொட்டலத்தோடு வந்தான். பூசாரியின் பேத்தி ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தது. பிரித்தார்கள்.

வெள்ளை.

"சோணையா உத்தரவு குடுத்துட்டான்" என்று வீரணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சிவபாண்டி பெருமூச்சு விட்டான், நிம்மதியா வருத்தமா என்று சொல்ல முடியாத பெருமூச்சு. ஆர்த்திகா எதையும் பார்க்கவில்லை. கோவிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்மாயைப் பார்த்து நின்றாள். தோள் மட்டும் ஆடியது.

அந்தத் தோளைப் பார்த்ததும் பாண்டிச்செல்வி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

கோவில் கிணற்றுக்கு இப்போது கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள். வீரணன் குனிந்து மிச்சப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "போற வழியில கண்மாய்ல போட்டுர்றேன்" என்றான்.

"குடுண்ணே இங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

"எதுக்கு?"

"எம்மகளுக்குக் கெடைக்காத பூவ நான் பாக்கணும்."

"பிரிக்கக்கூடாது தாயி, குத்தம்."

"குத்தம்னா எனக்குத்தான வரும், வரட்டும். அன்னைக்கும் பாக்க விடல. இன்னைக்குப் பாக்காமப் போக மாட்டேன்."

"பைத்தியமா ஒனக்கு?" என்று அவன் பின்னால் நகர்ந்தான். அவள் அண்ணன் என்றும் பார்க்கவில்லை, கோவில் என்றும் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டாள். பை கிழிந்தது. பொட்டலம் அவள் கைக்கு வந்தது. வாழைநாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

உள்ளே இருந்ததும் வெள்ளை அரளிதான்.

பூசாரி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஆர்த்திகா திரும்பி வந்து அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"நல்லதுக்குத்தான் தாயி செஞ்சேன்" என்றான் வீரணன். "பிள்ளை நம்ம கண்ணுக்குள்ள இருக்கட்டும்னுதான். நான் என்ன அதக் கெடுக்கவா நெனச்சேன்?"

பாண்டிச்செல்வி கத்தவில்லை. அவள் கத்தாமல் நின்றதைச் சிவபாண்டி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். அவள் கண் அண்ணனை விட்டுவிட்டு, கம்பி வலை போட்ட கிணற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக அண்ணனிடம் திரும்பி வந்தது.

"அன்னைக்கு எனக்குக் கட்டுனதும் நீதானண்ணே?"

வீரணன் கிழிந்த பையைத் தடவினான்.

"கேக்குறேன்ல. அன்னைக்கும் ரெண்டும் வெள்ளைதானா?"

"அது பழைய கதை. அத இப்ப எதுக்கு..."

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"இப்ப ஒனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்று அவன் எரிந்து விழுந்தான். "தங்கமான மாப்பிள்ளை. சொந்த நெலம், சொந்த வீடு. கவருமெண்டு வேலை. என்ன கொறைச்சல்னு கேக்குறேன்?"

இல்லை என்று அவன் சொல்லவே இல்லை.

பாண்டிச்செல்வி அந்த வெள்ளைப் பூவை அவன் முகத்தில் எறிந்தாள். லேசான பூ, அவன் முகம் வரைக்கும்கூடப் போகவில்லை, நடுவிலேயே விழுந்துவிட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சுமந்த கோபத்துக்குக் கையில் ஒரு கல்லாவது இருந்திருக்கலாம். "நீ கல்யாணம் முடிக்கிறதுக்கு நான் படிக்கக் கூடாதா? ஒம்மகன் கல்யாணம் முடிக்கிறதுக்கு எம்மக படிக்கக் கூடாதா? ஒங்க வீட்டு ஆம்பளைகளுக்குப் பொண்ணு கெடைக்கணும்னா எங்களத்தான் வெட்டணுமாடா?" என்றாள். அண்ணனை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை.

சிவபாண்டி குனிந்து தரையில் கிடந்த பூவை எடுத்தான். அவனுடைய கல்யாணமும் அந்தப் பொட்டலத்தில்தானே இருந்தது. அவனையும் சேர்த்துத்தானே கட்டியிருக்கிறார்கள்.

"நீ கெளம்பு மச்சான்" என்றான். பிறகு மகளைப் பார்த்து, "ஆர்த்தி, வண்டில ஏறு. காளவாசல்ல கம்ப்யூட்டர் சென்டர் தெறந்திருப்பான். கிளாட்டுக்கு இன்னைக்கே போட்டுருவோம்" என்றான்.

"அம்மா?" என்றாள் ஆர்த்திகா.

"நீ போய் ஏறு, வாரேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

வீரணன் போய்விட்டான். பூசாரி பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார். சோணையா எப்போதும் போல அரிவாளோடு, மீசையோடு, உருட்டி வைத்த கண்ணோடு நின்றார். கல்யாணமானதிலிருந்து இந்தக் கண்ணைத்தான் அவள் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பொங்கல் கொதிக்கக் கொதிக்க இவரைத்தான் மனசுக்குள் சபித்திருக்கிறாள். பிள்ளை வரம் கேட்டு மற்றவர்கள் இவர் காலில் விழுந்தபோது, தனக்கும் பிள்ளை இல்லாத காலத்தில்கூட, உன்னிடம் கேட்கமாட்டேன் போ என்று வீம்பாக நின்றிருக்கிறாள்.

பின்னால் சிவபாண்டி வண்டியை முறுக்கி ஹாரன் அடித்தான்.

பாண்டிச்செல்வி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"இம்புட்டு வருசமா ஒன்னையத் திட்டிட்டேன்யா" என்றாள். "என்னையக் கேக்காத மாதிரி, ஒன்னையவும் ஒருத்தரும் கேக்கவே இல்லையா?"